பதில் சொல்லாதவள்

போன ஜூன் பதினெட்டாம் தேதி சாயங்காலம் இது நடந்தது. டாக்டரிடம் சொன்னேன், மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாதிரியாரிடம் சொன்னேன், டீ கொடுத்தார். டீயைக் குடித்தேன். மாத்திரை டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை. நீங்களாவது நம்புங்கள் என்று நான் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவ்வளவுதான்.

என் பெயர் லோர்னா. டாஸ்மேனியாத் தீவின் தெற்கே, ஹுவான் ஆற்றுப் பக்கம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டோம். எழுந்து போய், கூப்பிட்டவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்போம். யார் கற்றுக் கொடுத்தது என்று தெரியாது. அம்மா அப்படி, அம்மாவின் அம்மாவும் அப்படி. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லாததற்காக அம்மா வாரம் தவறாமல் பிரம்படி வாங்கினாள். கையை நீட்டினாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

என் கணவன் நெவில் இதைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் ஓட்டிவிட்டான். "பேயோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு. கூப்பிட்டா சத்தமே வராது. திரும்பிப் பாத்தா பின்னால நிக்கிறே."

நெவில் அடிலெய்டுக்காரன். அந்த ஊர்க் கரையில் சீமையிலிருந்து நாடு கடத்திய கைதிகள் இறங்கியதில்லை. நாங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த பரம்பரை என்று அங்கே தொட்டில் குழந்தைக்குக்கூடக் கர்வம். எங்கள் தீவில் கதை வேறு. முன்னோர்கள் கைதிகள் என்பதை மூன்று தலைமுறை மூடி மறைத்தோம். அம்மாவும் சாகும்வரை, "நம்ம குடும்பத்துல அப்படி யாரும் இல்ல" என்றுதான் சொன்னாள்.

இருந்தாள்.

அம்மா போன பிறகு எட்டு மாதம் தேடினேன். கைதிகளின் பழைய பதிவுகளை எல்லாம் ஹோபார்ட்டில் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் திரையில் வந்து நின்றாள்.

கெசியா ப்ரைடோ. வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் சீமையில் கார்ன்வால். செப்புக் கெண்டி ஒன்று திருடியதற்கு ஏழு வருடம் நாடு கடத்தல். உயரம் நாலடி பத்தங்குலம். சாம்பல் நிறக் கண். இடது கைச் சுண்டுவிரலில் மேல் கணு இல்லை.

ஓடிப் போனால் பிடிக்க வேண்டுமே. அதனால் ஆளை அப்படி அளந்து எழுதி வைத்தார்கள், சந்தையில் மாட்டை அளப்பது போல.

கீழே, இங்கே வந்த பிறகு அவள் செய்த குற்றங்கள். பெயர் அழைத்தபோது பதில் கூறவில்லை, தனி அறை. பதில் கூறவில்லை, தனி அறை. தலைமுடி வெட்டப்பட்டது. பதில் கூறவில்லை...

பக்கம் முழுக்க அதே வரிதான். முதலில் சிரித்தேன். பிறகு அம்மாவின் நீட்டிய கை ஞாபகம் வந்தது. அழுதேன்.

நெவில் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். நேராக அடுப்படிக்குப் போய், எங்கள் கெண்டி மேல் துண்டைப் போட்டு மூடினான்.

"என்ன பண்றே?"

"பரம்பரை புத்தி. முன்னெச்சரிக்கையா இருக்கணும்ல."

"வாய மூடு, அடிலெய்டு துரை."

"சரிங்க, கெண்டிக்காரி."

அவளை அடைத்த தனி அறைகளில் மூன்று இன்னும் நிற்கின்றன என்று தெரிந்தது. கிழக்குக் கடற்கரையில், பெர்யல் ஆட்லம் என்ற விதவையின் ஆட்டுப் பண்ணைக்குள். போன் செய்தேன்.

"வாங்க, பாருங்க. நாலு மணிக்குள்ள வந்துட்டுப் போயிடுங்க" என்றாள் பெர்யல். "இருட்டினப்புறம் வேணாம்."

அவள் அடைபட்ட இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். உன் பெயர் எனக்குத் தெரியும், எனக்கு வெட்கம் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

வழியில் நெவிலுக்குச் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வேண்டியிருந்தது. ஒன்று தின்றான். இன்னொன்றும் தின்றான். பண்ணைக்குப் போய்ச் சேரும்போது மணி நாலரை. ஜூன் மாதம் இங்கே நல்ல குளிர்காலம். ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும்.

பெர்யல் வாசலிலேயே சாவியைக் கொடுத்தாள். கூட வரவில்லை. வானத்தைப் பார்த்தாள்.

"சீக்கிரம் வந்துடு, கண்ணு."

மேட்டின் மேல், கடலைப் பார்த்தபடி மூன்று கல் அறைகள் ஒட்டி நின்றன. இடது பக்கம் வெறும் புல்வெளி. முதல் விநோதத்தை அங்கேதான் கவனித்தேன். மேடு முழுக்க ஆடுகள் மேய்ந்தன. அறைகளுக்கு இடது பக்கம் அந்தப் புல்லில் மட்டும் ஒரு ஆடுகூட இல்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

புல்வெளியை ஒட்டிய அறையைத் திறந்தேன். தடித்த மரக்கதவு. ஜன்னல் இல்லை. கையை விரித்தால் இரண்டு சுவரும் இடித்தன.

"மூடு. ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திற" என்றேன் நெவிலிடம்.

"நிஜமாவா?"

"அவ நாள் கணக்கா இருந்தா. நான் ரெண்டு நிமிஷம் இருக்க மாட்டேனா?"

"நான் புல்லுல நிக்கிறேன். பயந்தா ஒரு குரல் கொடு" என்றான். போனில் நேரத்தைப் பார்த்தான். மணி 4.41.

கதவு மூடியது.

அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். தரையில் உட்கார்ந்தேன். கல்லின் குளிர் முதுகில் ஏறியது. "கெசியா" என்று சொல்ல வாய் எடுத்தேன்.

டொக்.

கம்பு நுனியால் மரக்கதவைத் தட்டும் சத்தம். தூரத்தில், இடது பக்கம்.

ஒரு பெண் குரல். களைத்த குரல். "உள்ளேன் ஐயா."

நெவில் விளையாடுகிறான் என்று நினைத்தேன். ஆனால் அது பெண் குரல்.

டொக். "உள்ளேன் ஐயா." இது வேறு குரல். சின்னப் பெண்.

டொக். "உள்ளேன் ஐயா." இருமல்.

பூட்ஸ் சத்தம். கல் தரையில் நடக்கும் பூட்ஸ்.

டொக்... டொக்... டொக்...

நெருங்கியது. ஆறு கதவுகள். என் கதவு ஏழாவது.

அப்போதுதான் உறைத்தது. என் அறைக்கு இடது பக்கம் கதவே கிடையாது. அங்கே கல் தரையும் கிடையாது. அங்கே இருப்பது புல்.

பூட்ஸ் என் கதவுக்கு வெளியே நின்றது.

டொக்.

"கெசியா ப்ரைடோ."

ஆண் குரல். அதில் கோபம் இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்யும் குரல்.

நான் பதில் சொல்லவில்லை. மூச்சைக்கூட விடவில்லை.

"கெசியா ப்ரைடோ."

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

என் பக்கத்தில். அறைக்குள்.

பிறகு வெளியே குரல் மாறியது. "லோர்னா? என்ன ஆச்சு? இருக்கியா?" நெவிலின் குரல். பதறும் குரல்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, முகம் பார்க்காமல் பதில் சொல்ல வாய் திறந்தேன்.

ஒரு கை என் வாயைப் பொத்தியது.

சின்னக் கை. பனிக்கட்டி போல. எலும்பு கன்னத்தில் அழுந்தியது. பொத்திய பிடியில் ஒரு விரல் பாதியில் நின்றது.

வெளியே அமைதி. பிறகு அந்த ஆண் குரல்...

"ஒன்று குறைகிறது."

பூட்ஸ் திரும்பியது. புல்வெளிப் பக்கம் நடந்தது.

நின்றது.

அங்கே ஒரு பெண் குரல் கேட்டது. "நெவ்? எங்க இருக்கே? நெவ்?"

அது என் குரல்.

நான் கத்தினேன். கத்தப் பார்த்தேன். கை விடவில்லை. கடித்தேன், உதைத்தேன். விடவே இல்லை.

நெவிலின் குரல், சாவகாசமாக:

"இங்கதான் இருக்கேன். சொல்லு."

டொக்.

"எண்ணிக்கை சரி."

பூட்ஸ் சத்தம் போய்விட்டது. கையும் போய்விட்டது.

கதவு திறந்தது. மணி 4.43.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றான் நெவில். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏய், என்ன?"

"யார்கிட்ட பேசினே?"

"உன்கிட்டதான். நீதானே கூப்பிட்டே."

"நான் கூப்பிடல."

"கூப்பிட்டே, லோர்னா. முப்பது வருஷத்துல இப்பதான் முகம் பாக்காம வாயத் திறக்கிறியேன்னு சந்தோஷப்பட்டேன்."

காரில் ஏறிக் கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தில் சிவந்த தடம். நீளமாக மூன்று விரல்கள். நாலாவது பாதிதான்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அடுப்பில் கெண்டி கொதித்துக் கொண்டிருந்தது. நெவில் மேஜையில் செய்தித்தாள் படித்துக் கொண்டிருந்தான். திடீரென்று எழுந்தான். குதிகால்களைச் சேர்த்து வைத்தான். கைகளைத் தொடையோடு ஒட்டினான். சுவரைப் பார்த்து நின்றான்.

"நெவ்?"

அசைவில்லை. கண் இமைக்கவில்லை. கெண்டி பொங்கி அடுப்பை அணைத்தது. அரை நிமிடம் கழித்து உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து படித்தான்.

"ஏன் எழுந்தே?"

"யாரு? நானா?"

மறுநாளும் நின்றான். அதற்கு மறுநாளும். கடிகாரம் பார்த்து அல்ல. இருட்டும் நேரம் பார்த்து. ஜூலையில் ஐந்து மணிக்கு. ஆகஸ்டில் ஐந்தரைக்கு. கால்பந்து மைதானத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் எழுந்து நின்றான். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். அவன் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் உதடு அசைய ஆரம்பித்தது. அன்றிரவே பெர்யலுக்குப் போன் செய்தேன்.

சொல்லி முடிக்க விடவில்லை அவள். "எழுந்து நிக்கிறாரா?"

"ஆமா."

"பதில் சொல்றாரா?"

"இன்னும் இல்ல. உதடு மட்டும் அசையுது."

அந்தப் பக்கம் பெர்யல் கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது.

"என் புருஷன் கென் ஒரு வருஷம் நின்னார், கண்ணு. சூரியனுக்கு சல்யூட் அடிக்கிறியான்னு நான் கிண்டல்கூடப் பண்ணேன். அப்புறம் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார், 'உள்ளேன் ஐயா'ன்னு. அன்னிக்கு ராத்திரி படுக்கையில ஆள் இல்ல."

"எங்க இருந்தார்?"

"மேட்டுப் புல்லுல. காலைல போய்ப் பாத்தேன். உக்காந்த வாக்குலயே உயிர் போயிருந்துச்சு. முதுகு சுவத்துல சாஞ்சிருந்துச்சு. தலையும் சாஞ்சிருந்துச்சு."

"எந்தச் சுவத்துல?"

"அதான் கண்ணு. அங்க சுவரே இல்ல. ஆறு அறைய எங்க மாமனார் இடிச்சு, அந்தக் கல்லுலதான் ஆட்டுக் கொட்டகை கட்டினார். தொண்ணூறு வருஷம் ஆச்சு."

"இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"இருட்டுக்கு முன்னாடி வந்துடுன்னு சொன்னேன். அதுக்கு மேல சொன்னா கெழவிக்குப் பைத்தியம்னு சொல்லியிருப்பே."

சொல்லித்தான் இருப்பேன்.

போனை வைத்தேன். விளக்கைப் போட்டு நெவிலை எழுப்பினேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவன் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"நான் எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்ற ஆளு, லோர்னா. கூப்பிட்டா பதில் சொல்லாம இருந்து எனக்குப் பழக்கமில்ல."

"எனக்கு இருக்கு."

அன்று முதல் பஸ் வேலையில் சாயங்கால நேரத்தை மாற்றிக் கொண்டேன். தினமும் இருட்டும் நேரத்தில் நெவிலின் பின்னால் போய் நிற்கிறேன். அவன் எழுவான். குதிகாலைச் சேர்ப்பான். உதடு பிரியும். என் இடது கையால் அவன் வாயை இறுக்கிப் பொத்துகிறேன். திமிறுவான். அவன் என்னைவிட ஓர் அடி உயரம். ஒரு நாள் என் விலா எலும்பு ஒன்று முறிந்தது. நான் விடவில்லை.

எனக்கும் கேட்கிறது. சுவருக்கு அப்பால் டொக் என்று தட்டுகிறது. சில நாள் அம்மாவின் குரலில் கூப்பிடுகிறது. கூப்பிடட்டும். அம்மா பிரம்படிக்கே வாய் திறக்காதவள். கெசியா ஏழு வருடம் பதில் சொல்லவில்லை. கெண்டி திருடியவளின் ரத்தம் இது. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தட்டட்டும்.

நேற்று ஆறு மணி எட்டு நிமிடம். விலா வலியில் என் கை ஒரு நொடி தளர்ந்தது. நெவிலின் உதடு பிரிந்தது. "உள்..." என்றான்.

என் கையின் மேல் இன்னொரு கை வந்து அழுத்தியது.

சின்னக் கை. குளிர்ந்த கை. சுண்டுவிரல் குட்டை. கெசியா தன் அறையை விட்டு இங்கே வந்திருந்தாள்.

நெவில் வாய் மூடினான்.

வெளியே பூட்ஸ் வெகு நேரம் நின்று கொண்டிருந்தது. பிறகு அந்தக் குரல் கேட்டது.

"இரண்டு குறைகிறது."