கக்கேத்தி வெள்ளை

அந்தப் போத்தலை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கையால் எழுதி ஒட்டிய சீட்டில் ‘கக்கேத்தி, வெள்ளை வைன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே ஜிலேபி சுற்றியது போல ஏதோ எழுத்து. உள்ளே இருந்ததோ பால் விடாத வெறுந்தேத்தண்ணியின் நிறம். அடியில் வண்டல் வேறு. கடையின் பின்னறையில், சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால், அப்படி ஆறு போத்தல்கள் இருந்தன.

தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் முதலாளி அண்ணையின் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் பாரிஸில் ரெஸ்டோரண்டுகளில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வைனைப் பற்றி வாயைத் திறந்தால் ஒரு மணித்தியாலம் பேசுவார். நான் கேட்பதில்லை. எனக்குப் போத்தல் என்றாலே பயம். ஊரில் என் மாமா ஒரு கலியாண வீட்டில் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைக் குடித்துவிட்டு, மறுநாள் இரண்டு கண்ணும் தெரியாமல் எழும்பினார். அவர் குடித்த போத்தலை நான் பார்த்திருக்கிறேன். அதிலும் அச்சடித்த லேபிள் இல்லை, அடியில் வண்டல்.

அன்று பின்னேரம் கவுன்சில்காரர் சோதனைக்கு வருவதாகக் காலையில் போன் வந்திருந்தது. அண்ணை பல்லுப் பிடுங்கப் போயிருந்தார். எத்தனை தரம் அடித்தும் போனை எடுக்கவில்லை. கள்ளச்சாராயம் பிடிபட்டால் கடையின் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால், அந்தக் கடையின் பெயரில் புதுப்பிக்கக் கொடுத்திருந்த என் விசாவும் போகும். திருப்பி பிளேன் ஏற்றிவிடுவார்கள். ஆறு போத்தலையும் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். உலர்ந்த பழமும் தேயிலையும் கலந்த நல்ல வாசனை எழும்பியது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது; நஞ்சு நன்றாக மணந்தால்தானே ஆட்கள் குடிப்பார்கள் என்று என் மூளை கணக்குப் போட்டது.

கவுன்சில்காரர் வந்தார். பிரிட்ஜின் குளிரைப் பார்த்தார், பின்கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார், போய்விட்டார்.

அண்ணை கன்னம் வீங்கி வந்து சேர்ந்தார். நான் பெருமையாகத்தான் சொன்னேன். கேட்டதும் அப்படியே சோடாப் பெட்டியில் குந்திவிட்டார்.

“கோதாரி, உனக்கென்ன விசரே? அது நஞ்சில்லையடா. ரஷ்யாவுக்குப் பக்கத்திலை ஜோர்ஜியா எண்டொரு நாடு, அங்கை கக்கேத்திப் பக்கத்து வெள்ளை வைன் அந்த நிறம்தான். திராட்சையைத் தோலோடை, கொட்டையோடை மண்சாடிக்குள்ளை விட்டு நிலத்துக்கை தாட்டு வைப்பாங்கள்.”

“விக்க வைச்சதெண்டு நினைச்சன் அண்ணை.”

“மேல்மாடி ஜோர்ஜியா மனுசியின்ரையடா. புருசன் சாக முதல் ஊருக்குப் போய்த் தன்ரை கையாலை செய்தது. வாற ஞாயிறு அந்தாள் செத்த நாற்பதாம் நாள், வாற சனத்துக்குக் குடுக்க வைச்சது. வீடு சூடெண்டு இஞ்சை வைக்கக் கேட்டவ.”

மேல்மாடி அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் எங்களிடம் பாண் ரொட்டி வாங்குபவர்.

“அவ கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதினா உன்ரை பேர்தான் போகும். நீ ஒண்டும் கதையாதை,” என்றார் அண்ணை. “விசா வரட்டும். பிறகு ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்.”

மறுநாள் அவர் அந்த அம்மாவிடம், நான் வெளியே போயிருந்த நேரம் பழுதாகிவிட்டதென்று நினைத்துத் தானே ஊற்றிவிட்டதாகச் சொன்னார். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். அந்த அம்மா கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. “ஆறு போத்தலுமா?” என்று மட்டும் கேட்டார்.

விசா வந்தது. சொல்லிவிடுவோம் என்று அண்ணை இரண்டு மூன்று தரம் கிளம்பினார். நான்தான் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இழுத்தேன். அவர் மாரடைப்பில் போய் இப்போது நான்கு வருடம். செத்தவீட்டுக்கு மேல்மாடி அம்மா வரவில்லை.

கடையை இப்போது நான் நடத்துகிறேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டேன்; என்னை எவரும் எங்கும் அனுப்ப முடியாது. ஆனாலும் படியில் அந்த அம்மாவின் காலடி கேட்டால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து குனிந்துகொள்கிறேன். போன கிழமை பாணோடு நின்றவர், சுவரில் நான் மாட்டியிருக்கும் அண்ணையின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டி, “நீ அன்றைக்குக் கடையில் நின்றிருந்தால் ஊற்ற விட்டிருக்க மாட்டாய்” என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.