வண்டியில் ஓர் இடம்

எண்பத்து நான்கு வயதில் நோனி டூஹிக்குக் காதுதான் மந்தம்; கோபத்துக்கு ஒரு குறைவும் இல்லை. அண்ணன் மகன் டெக்லான் பிஸ்கட் டப்பாவோடு வந்தான். டப்பாவைத் திறக்கும் முன்பே ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். பண்ணையை வாங்க ஆள் வந்துவிட்டதாம். ஆனால் மேற்கு அறையில் இருக்க அத்தைக்கு உரிமை உண்டென்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. அதை அவள் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தால்தான் விற்க முடியும். டவுனில் நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னான்.

"சின்ன வயசுல இங்க எவ்வளவு சந்தோஷமா இருந்திருப்பீங்க அத்தை, மாடு கன்னுன்னு. அந்த நெனப்பு எங்க போனாலும் உங்களோடயேதான இருக்கும்?"

எந்தச் சந்தோஷத்தைச் சொல்கிறான் இவன்? பதின்மூன்று வயதில், அம்மா செத்த மறுநாளே நோனியின் படிப்பை நிறுத்தினார்கள். அப்பாவுக்கு இடுப்பு விழுந்த பிறகு பதினோரு பசுக்களையும் அவளே கறந்தாள். சதுப்பில் இறங்கி, காயவைத்து அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டினாள். கோரை மண்டிய கீழ் வயலில் மூன்று குளிர்காலம் வாய்க்கால் தோண்டி, கல் பொறுக்கி, புல் முளைக்க வைத்தாள். அண்ணன் லூக் அப்போது பர்மிங்காமில் கட்டட வேலையில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புவான்.

அப்பா செத்த வாரம் வக்கீல் உயிலைப் படித்தார். நிலம், வீடு, மாடு எல்லாம் லூக்குக்கு. நோனிக்கு மேற்கு அறை, அடுப்போரம் ஒரு நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வண்டியில் ஓர் இடம். கல்யாணம் செய்துகொண்டால் அதுவும் கிடையாது. தகப்பனுக்கு மகள்மேல் எத்தனை அக்கறை என்று அக்கம்பக்கத்தார் மெச்சிக்கொண்டார்கள். கறவை நேரமாகிவிட்டது, அவள் எழுந்து போனாள். ஆனால் அந்த வண்டியில் ஒருநாளும் ஏறவில்லை. கொட்டுகிற மழையிலும் நாலு மைல் நடந்தே கோயிலுக்குப் போனாள். பிடிவாதக்காரி என்று ஊர் பேர் வைத்தது. வைத்துவிட்டுப் போகட்டும்.

இப்போது தாளை டெக்லான் பக்கமே தள்ளினாள்.

"கீழ் வயலை என் பேருக்கு எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போடுறேன்."

டெக்லானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசுல வயலை வச்சுக்கிட்டு என்ன அத்தை பண்ணப் போறீங்க?"

"சும்மா போட்டு வப்பேன். மொத்தப் பண்ணையும் உங்கப்பன் கைக்குப் போனப்ப, நீ இதை வச்சு என்ன பண்ணப் போறேன்னு அவனை யாராச்சும் கேட்டாங்களா?"