போத்தலில் ஒட்டிய வட்டம்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மூலிகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணை, எந்தப் பொடியையும் நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் விற்பார். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நான், அவரிடம் வாங்கிய குப்பைமேனிப் பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கிருமி வளர்த்த தட்டில் விட்டேன். சுற்றிலும் கிருமிகள் செத்து வட்டம் விழுந்தது. அதைப் படமெடுத்து அவரிடம் காட்டினேன். அச்செடுத்துப் பொடிப் போத்தலில் ஒட்டிவிட்டார்.

மறுவாரம் வெறும் ஆல்கஹாலை விட்டுப் பார்த்தேன். அதே அளவு வட்டம். கிருமியைக் கொன்றது பொடியல்ல, ஆல்கஹால். வெட்கத்தில் அதை அவரிடம் சொல்லாமல் கடைப் பக்கமே போகவில்லை.

பல மாதம் கழித்துப் போனபோது அவருக்கு வலது பாதம் இல்லை. சர்க்கரைப் புண்ணுக்கு ஆஸ்பத்திரி போகாமல் அந்தப் பொடியையே அப்பியிருக்கிறார்.

"பொடியிலை பிழையில்லை, தம்பி. நான்தான் பிந்திப் போட்டிட்டன்."

அப்போது ஒரு பெண் வந்து அந்தப் போத்தலை எடுத்தாள். "அப்பாவின்ரை கால் புண் இதுக்கு மாறுமோ அண்ணை?"

"சோதிச்சவர் இவர்தான். இவரைக் கேளுங்கோ."

மாறாது என்று நான் தலையாட்டினேன். அவள் போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் நகத்தால் படத்தைச் சுரண்டி எடுத்தார். குரலில் கோபமே இல்லை.

"எனக்குக் கால் இருக்கேக்கை இந்தத் தலையை ஆட்டியிருக்கலாமே, தம்பி."