ஐஞ்சு நிமிஷச் சூடு

எலக்ட்ரானிக் கருவிக்குள்ள கடிகாரம் மாதிரி துடிக்கற கிறிஸ்டலைச் சூடாக்கி, அதோட துடிப்பு எவ்வளவு தடுமாறுதுன்னு பார்க்கறதுதான் பதினாறு வருஷமா என் பொழப்பு. பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி. மேலே இருக்கறவன் வாயால சொல்லுவான், மாட்டுறது கீழே இருக்கறவன். வேலைக்குப் போற உங்களுக்குத் தெரியாததா?

குளிர்ந்த குழம்பு

ஃபிரிட்ஜ்ல இருந்த குழம்பை அடுப்புல வச்சா ஓரம் கொதிக்கும், நடுவுல ஜில்லுன்னு இருக்கும். கிறிஸ்டலும் அப்படித்தான். டெஸ்ட் அடுப்பு எழுபது டிகிரின்னு காட்டினாலும், உள்ளே சூடு ஏற இருபது நிமிஷம் ஆகும். அப்புறம் அளந்தாத்தான் கணக்கு உண்மை. ஆர்டர் குவிஞ்சப்ப மேனேஜர் ஐஞ்சு நிமிஷம் போதும்னுட்டார், வாயால மட்டும். அளவு தப்பா வரும்னு சொல்லிப் பார்த்தேன். காதுல வாங்கல.

அடுப்பைப் பார்த்துக்கிட்டது சாந்தி அக்கா. கெப்பாலா பத்தாஸ்ல இருந்து பஸ்ல வர்றவங்க, ஒப்பந்த ஆளு. வருஷா வருஷம் புதுப்பிச்சாத்தான் வேலை. சூடாக்கின நேரத்தை ஃபார்ம்ல ஐஞ்சுன்னு எழுதவான்னு என்னைக் கேட்டாங்க. ஆடிட்ல மாட்டுவோமேன்னு பயந்து, இருபதுன்னே எழுதச் சொன்னேன்.

"சரி லா தம்பி. நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வெயில் ஏறினா

மூணு மாசத்துல பெட்டி பெட்டியா திரும்பி வந்துச்சு. லாரி எங்கே நிக்குதுன்னு முதலாளிக்குக் காட்டுற கருவியில எங்க கிறிஸ்டலைப் போட்டிருந்தாங்க. அந்தக் கம்பெனி இன்ஜினியர் நம்ம தமிழ் ஆளுதான். கத்தல. ஒண்ணை எடுத்து என் மேஜையில வச்சார். கத்தியிருந்தாக்கூடத் தேவலை.

"காலையில சிக்னல் இருக்குண்ணே, மத்தியானம் வெயில் ஏறினா காணோம். இதைச் சூட்டுல பார்த்துத்தான் அனுப்புனீங்களா?"

மீட்டிங் ரூம்

அடுப்போட கம்ப்யூட்டர்ல ஐஞ்சு நிமிஷம்னு பதிவாகியிருந்துச்சு. ஃபார்ம்ல இருபது, கீழே அக்கா கையெழுத்து. மேனேஜர் தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னார். யார் இப்படி எழுதச் சொன்னதுன்னு விசாரிக்க வந்த மேலதிகாரிங்க அக்காவைக் கேட்டாங்க. அவங்க வாயைத் திறக்கல. அப்புறம் என்னைக் கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். பாவி நான், வேற என்ன சொல்ல.

அந்த வாரமே ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டோம்னு அக்காவுக்குக் கடுதாசி குடுத்துட்டாங்க. லாக்கரைக் காலி பண்ண உதவலாம்னு போனேன். பையை என் கையில குடுக்கல.

"உன் பேரை நானே சொல்லியிருக்கலாம். நீயா சொல்லுவேன்னு உன் மூஞ்சையே பார்த்துக்கிட்டிருந்தேன் தம்பி."

எழுபது டிகிரியில தேறாத கிறிஸ்டலை எல்லாம் குப்பையில போடுற நான், இருபத்திரண்டு டிகிரி ஏர்கான் மீட்டிங் ரூம்லயே தேறாமப் போயும், இன்னும் அதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கேன்.