கப்பலக்காவின் இரண்டு கடைவாய்ப் பற்கள்

என் அம்மா பல் மருத்துவமனை உதவியாளர். சாவி செய்யும் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, ஒரு டாக்டர், ஒரு நாற்காலி. டாக்டர் கை நீட்டும்போது கருவி அந்தக் கையில் இருக்க வேண்டும். எச்சில் உறிஞ்சும் குழாயை நாக்கு இடிக்காமல் பிடிக்க வேண்டும். மாலையில் எல்லாவற்றையும் கழுவி, கொதிகலனில் வைத்து, நாற்காலியைத் துடைக்க வேண்டும். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இதைச் செய்தாள். இந்த வருடத் தொடக்கத்தில் இறந்துபோனாள்.

அந்தத் தெருவில் அவளுக்குக் கப்பலக்கா என்று பெயர். பெயர் வந்த விதத்தை டாக்டர்தான் சொல்வார். அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு சிறுமி அவர் விரலைக் கடித்துவிட்டாள். அவர் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சிறுமி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா குனிந்து அவள் காதருகே சொன்னாளாம்: "வெளியில கப்பல் வந்து நிக்குது. உள்ள விடலாமா, திருப்பி அனுப்பிடலாமா? கதவு உன்கிட்டதான் இருக்கு."

சிறுமி, "எந்தக் கப்பல்?" என்று கேட்டாள். கேட்க வாயைத் திறக்கத்தானே வேண்டும்.

அப்படித் தொடங்கிய கடல் வருடாவருடம் பெரிதாகிக்கொண்டே போனது. எல்லா ஊரும் வெயில் ஊர், எல்லாக் கரையிலும் மணல். மேலே தொங்கும் விளக்குதான் சூரியன். அந்த உலகத்தில் சூரியனுக்குக் கைப்பிடி உண்டு. மரத்துப்போகும் ஊசி போட்டதும் கப்பல் பஞ்சுத் தீவை அடையும். அந்தத் தீவில் யாருக்கும் விசிலடிக்க வராது. தண்ணீர் குடித்தால் பாதி சட்டையில் விழும், அதனால் எல்லோரும் ஈரச் சட்டையோடு திரிவார்கள்; யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. பல்லைக் குடையும் இயந்திரம் ஓடினால் வண்டுத் துறை. அங்கே வண்டுகள் மாம்பழம் அளவு இருக்கும், ஆனால் பாட மட்டும்தான் தெரியும், கொட்டத் தெரியாது. பல்லை அடைக்கும் மருந்து குழைத்தால் கிராம்புத் தீவு; அதன் வாசனை ஒரு பகல் பயணத்துக்கு முன்பே மூக்கில் ஏறிவிடும். பல்லுக்கு அச்செடுக்கும்போது கப்பல் சேற்றுக் கழிமுகத்தில் தட்டி நிற்கும். நீர் ஏறும்வரை யாரும் அசையக்கூடாது, அசைந்தால் கப்பல் சாய்ந்துவிடும். அடைத்த பல்லில் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வது சுங்கச்சாவடி. நன்றாகக் கடித்தால்தான் ஊருக்குள் விடுவார்கள்.

ஒன்று மட்டும் சொல்லமாட்டாள். 'வலிக்காது' என்று எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. "இப்போ ஒரு மீன் கடிக்கும். சின்ன மீன்தான். கடிச்சிட்டுப் போயிடும்" என்பாள். மீன் கடிக்கும். போய்விடும். அதனால் மற்றதையெல்லாம் நம்பினார்கள்.

கொஞ்சம் அதிகமாகவே நம்பினார்கள். மூன்று தீவுகளின் பெயர் எழுதுக என்ற பரீட்சைக் கேள்விக்கு ஒரு பையன் பஞ்சுத் தீவு, வண்டுத் துறை, கிராம்புத் தீவு என்று எழுதிவிட்டான். பள்ளி ஆசிரியை விடைத்தாளோடு மாடியேறி வந்தார்.

"இங்க யாரு கப்பலக்கா?"

"நான்தாங்க. எத்தனை மார்க் போட்டீங்க?"

"அரை மார்க்."

"முழு முட்டை இல்லையா?"

ஆசிரியை குரலைத் தணித்துக்கொண்டார். "கிராம்புத் தீவு ஒருவேளை நிஜமாவே இருக்குமோன்னு சந்தேகம் வந்துடுச்சு."

பேசும்போது அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசினார். பத்து நிமிடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். போகும்போது, "வண்டுத் துறைக்கு இன்னொரு தடவை வரணுமாம்" என்று வாசலில் காத்திருந்தவர்களிடம் தாமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

நான் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கும்போது ஒரு விடுமுறையில் அம்மாவைச் சொல்லச் சொல்லி இந்தக் கடலுக்கு வரைபடம் போட உட்கார்ந்தேன். கூடிவரவில்லை. கிராம்புத் தீவு ஒரு பையனுக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. அவன் அக்காவுக்கு அதே தீவு மூன்று நாள் பயணம்.

"எது சரி?" என்றேன்.

"ரெண்டும்தான். அவனுக்கு லேசா அடைச்சா போதும். அவளுக்கு வேர் வரைக்கும் போகணும். தூரம் ஒண்ணா இருக்குமா?"

"தூரம்னா தூரம்தாம்மா. ஆளுக்கு ஆள் மாறாது."

"உன் வாயில இன்னும் யாரும் கை வைக்கல. அதான் இவ்வளவு பேச்சு."

பக்கத்தில் இருந்த என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். வரைபடத்தைச் சுருட்டி வைத்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. இதய வால்வு ஒன்று சுருங்கியிருந்தது; மாற்ற வேண்டும், அதிகம் தள்ளிப்போட முடியாது என்றார் அறுவை மருத்துவர். ஆனால் முதலில் வாய். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி இரத்தத்தில் ஏறிப் புது வால்வில் உட்கார்ந்துவிடும். "பல் டாக்டர்கிட்ட காட்டி, வாய் சுத்தமா இருக்குன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அப்பதான் தேதி."

வெளியே வந்ததும் அம்மா, "பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்னடி சம்பந்தம்? இவருக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். இதே சம்பந்தத்தை அவள் எத்தனையோ நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

பல் டாக்டர் அவளை நிற்கவைத்து டார்ச் அடித்து வாயைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தினமும் துடைத்த அந்த நாற்காலியில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மதியம் கால் வலித்தால் வாசல் பெஞ்சில்தான் உட்காருவாள். இடது கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் வேர்வரை சொத்தை. வலப்பக்கமாகவே மெல்வது அவள் பழக்கம் என்று வீட்டில் நினைத்திருந்தோம்.

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் பக்கத்துல நின்னுக்கிட்டு, ரெண்டு சொத்தையை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தீங்களா?"

"நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்."

"முகமூடி போட்ட ஆளைப் பார்த்து எப்படிம்மா கேக்கறது?"

"ஊசியெல்லாம் நான்தானே எடுத்துக் கொடுக்கறேன். ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது, உக்காந்துடறாங்க."

அதன்பிறகு தினமும் ஒரு சாக்கு. கடைசி நோயாளி இறங்கியதும் பின் வராந்தாவில் காற்றழுத்த இயந்திரத்தில் தேங்கிய தண்ணீரை வடிக்கப் போய்விடுவாள். அல்லது பஞ்சு வெட்ட வேண்டியிருக்கும். தம்பி வெளியூரிலிருந்து போனில் அழுதான்; "ஜலதோஷமாடா?" என்று கேட்டாள். இதற்கிடையில் படி ஏறும்போது பாதியில் நின்று, சாவிக்கடைக்காரரிடம் எதையாவது விசாரிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்ளத் தொடங்கினாள். அவர் பாவம், ஒவ்வொரு நாளும் தன் வீட்டில் எல்லோரும் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கிருமி இரத்தத்தில் ஏறாமல் இருக்க டாக்டர் எழுதிய மாத்திரையை நானே கொடுத்து, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து நாற்காலியில் ஏற்றினேன். ஏறியவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள், பிறகு விடவில்லை.

டாக்டர் தானே கதை சொல்ல முயன்றார். "கப்பல் கிளம்புது. பஞ்சுத் தீவுக்குப் போகுது. அங்க வயல் வயலா பஞ்சு விளையும்."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். "பஞ்சு விளையாது டாக்டர். இத்தனை வருஷமா காது எங்க இருந்துச்சு?"

"மெஷின் சத்தத்துல எனக்குப் பாதிதாம்மா கேக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."

"எனக்கு வராதும்மா."

"அப்போ இறங்கறேன்." காலை ஏற்கனவே கீழே போட்டிருந்தாள்.

என் வேலை தண்ணீர் இறைக்கும் பம்புகளைச் சோதிப்பது. வேறு எதுவும் தோன்றவில்லை. "ஒரு தீவு இருக்கு" என்று தொடங்கினேன். கால் மேலே வந்தது.

"நடுவுல பள்ளம். கடல்மட்டத்துக்கு ஆறு மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்துலதான் ஊர் இருக்கு."

"ஏன் அங்க போய்க் கட்டினாங்க?"

"தெரியல. வாயைத் திற. மண்ணு வழியா கடல்தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால பகல் ராத்திரி பாக்காம ஒரு பம்பு ஓடணும். நின்னா சாயங்காலத்துக்குள்ள எல்லார் வீட்டுச் சமையலறையிலயும் பாத்திரம் மிதக்கும்."

ஊசி இறங்கியது. மீன் கடிக்கும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவள் கண் இறுக மூடியது. என் சட்டைக் கையில் ஒரு பொத்தான் போனது.

"ஒருநாள் பம்பு நின்னுபோச்சு" என்றேன்.

கண் திறந்தது. டாக்டர் பல்லில் கருவியை வைத்தார். அம்மாவின் ஆள்காட்டி விரல் எழுந்தது. அந்த மருத்துவமனையில் விரல் எழுந்தால் டாக்டர் நிறுத்தியாக வேண்டும்; அந்தச் சட்டமும் அவள் போட்டதுதான். கையை எடுத்தார்.

"ஏன் நின்னுச்ஷு?" என்று மரத்துப்போன உதட்டோடு கேட்டாள்.

"இதுக்கா நிறுத்தினீங்க?" என்றார் டாக்டர்.

"இன்னும் கண்டுபிடிக்கல" என்றேன். "வரிசையாத்தான் பாக்கணும். முதல்ல கரண்ட் வருதான்னு பாத்தாங்க. வருது. அப்புறம் ஃபியூஸ். நல்லா இருக்கு. மோட்டார்ல கை வெச்சா சூடு இல்ல. மோட்டாரோட தண்டைக் கையால சுத்திப் பாத்தாங்க, சுத்துது. பேரிங்கைப் பாத்தாங்க..."

பேரிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் எங்கோ பல் வந்துவிட்டது. டாக்டர் பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னார். அவள் கடித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

"ஓதுச்சா இய்யயா?"

"என்ன கேக்கறாங்க?" என்றார் டாக்டர்.

"பம்பு ஓடுச்சான்னு கேக்கறாங்க."

"அடுத்த வாரம்" என்றார் அவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. எனக்குத் தோன்றாத யுக்தி அது. இன்னொரு பல் பாக்கியிருந்தது.

வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். பஞ்சு இருந்ததால் கையால் திட்டினாள். பக்கத்தில் நடந்துபோனவர்கள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை யாரும் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருக்கவில்லை. நான் போவதற்குள் தானே விளக்கைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஊசி போட்டு, உதடு மரத்து, டாக்டர் கருவியை எடுத்ததும் நான் தொடங்கினேன்.

"கடைசியில குழாய் வழியா காத்து இழுத்திருக்கு. அதைச் சரி பண்ணதும்..."

விரல் எழுந்தது.

"காத்து இய்ய. நண்டு."

"என்னது?"

பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். வாரம் முழுக்க வந்த பிள்ளைகளிடம் அவள் அந்தத் தீவைச் சொல்லியிருக்கிறாள். குழாயில் ஒரு நண்டு மாட்டிக்கொண்டதென்று முடித்தும்விட்டாள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் மாற்ற முடியாது.

"அம்மா, உறிஞ்சுற குழாய் வாயில வலை இருக்கும். நண்டு போகாது."

"வய கியிஞ்சிருந்துச்சு."

"கிழிஞ்சா முதல்ல சகதி வரும். சத்தமே மாறும். நண்டு வர்ற வரைக்கும் யாரும் கவனிக்காம இருக்கமாட்டாங்க."

"கவனிச்சாங்க. அந்த ஊர் இன்ஜினியர் வரயபதம் போத்துக்கித்து இருந்தா."

டாக்டர் திரும்பி நின்று சிரித்தார். பிறகு, "யாராவது ஒருத்தர் பேசுங்க. நான் எங்க கை வைக்கறது?" என்றார்.

நான் விடவில்லை. என் தொழில். வலைக் கண்ணியின் அளவு, நண்டு ஓட்டின் அகலம், நீர் இழுக்கும் வேகம் எல்லாம் சொன்னேன். அவள் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் மறுத்தாள்: சின்ன நண்டு, இன்னும் சின்னது, குட்டியாகப் போய் உள்ளே வளர்ந்தது. குழாய்க்குள் என்ன தின்று வளர்ந்தது என்று கேட்டேன். அவள் கண்களில் பதில் தயாராக இருந்தது. சொல்வதற்குள் இரண்டாவது பல் தட்டில் விழுந்து சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று இருவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தோம்.

டாக்டர் அன்றே கையெழுத்துப் போட்டார். அறுவை மருத்துவர் தேதி கொடுத்தார். புது வால்வோடு அம்மா மறுபடி மாடியேறினாள், பாதியில் நிற்காமல். சாவிக்கடைக்காரர் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கு மேல் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தாள். தீவுக்குப் பம்புத் தீவு என்றே பெயர் வைத்தாள். அங்கே ஒரு இன்ஜினியர் இருப்பதாகவும், ரொம்ப நல்லவள், ஆனால் நண்டை நேரில் காட்டினாலும் நம்பமாட்டாள் என்றும் தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். என்னைப் பார்த்தால் விரலைக் கொடுக்குபோல் காட்டிவிட்டு ஓடுவார்கள்.

போன வாரம் நான் வேலையில் இருக்கும்போது டாக்டர் போன் செய்தார். பின்னணியில் காற்றழுத்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு சந்தேகம். நாற்காலியில ஒரு பொண்ணு வாயை மூடிக்கிட்டு இருக்கா. நண்டை எடுத்தப்புறம் வலையை மாத்தினாங்களான்னு தெரியணுமாம். புதுசா வந்த உதவியாளருக்குத் தெரியல. எனக்கும்தான் பாதிதானே கேட்டுச்சு."

சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்தினேன்.

"மாத்தினாங்க" என்றேன். "துருப்பிடிக்காத கம்பி. ஆறு மில்லிமீட்டர் கண்ணி."

அவர் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு அந்தச் சிறுமியின் குரல், தூரத்தில், தெளிவாக: "யாரு மாத்தினது?"

போனை அவள் பக்கம் திருப்பச் சொன்னேன்.