கட்டைவிரலை எடுக்காத நாள்

தண்ணீர் நிரப்பிய வெள்ளை ரப்பர் குழாய். ட்யூப் லெவல் என்பார்கள். ஒரு முனையை மேஸ்திரி ஒரு தூணில் பிடிப்பார். மறுமுனையை அடுத்த தூணில் நான் பிடிப்பேன். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். அந்த இடத்தில் கோடு போடுவோம். தூணுக்குத் தூண் நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் முனையைக் கட்டைவிரலால் பொத்திக்கொள்ள வேண்டும். நின்றதும் மேஸ்திரி, "வெரல எடு யக்கா" என்று கத்துவார். எடுப்பேன். இருபத்தைந்து வருஷத்தில் ஏன் என்று கேட்டதில்லை. சித்தாள் வேலையில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. இப்போதும் உண்டு.

வல்லம் வடகால் என்ற ஊரில், கம்பெனிப் பெண்கள் தங்க விடுதி கட்டினோம். அங்கேதான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் வந்தாள். மணிமங்கலத்துக்காரி. பன்னிரண்டாவதில் கட்டட வேலையைப் பாடமாக எடுத்தவள். பத்து நாள் நேரில் பழகி வரச் சொல்லி, பள்ளியில் நோட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தினமும் மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும்.

"மேஸ்திரி நல்லவிதமா சொன்னாத்தான் எங்கப்பா மேல படிக்க வுடுவாரு பெரிம்மா. இல்லன்னா செல்போன் கம்பெனி லைன்லதான் நிக்கணும்," என்றாள் முதல் நாளே.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. பெண் கல் சுமக்கலாம், கல் வைக்கக்கூடாது என்பது மட்டும் அவர் வழக்கம். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு இன்னா பாடம்?" என்று சீண்டிக்கொண்டே இருப்பார். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வாள்.

ஏழாம் நாள் ஜன்னல் மட்டத்துக்குக் கோடு போட்டோம். கடைசித் தூணுக்குப் போகும்போது மேஸ்திரிக்கு போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே தன் முனையைப் பிடித்து, தலையை ஆட்டினார். நான் கோடு கிழித்தேன். பிறகு அந்தப் பெண் டேப்பை எடுத்து, மேலே பீமிலிருந்து ஒவ்வொரு கோட்டையும் அளந்தாள்.

"மேஸ்திரி, கடேசித் தூண்ல மட்டும் கோடு ரெண்டு இஞ்ச் ஏறிக்கீது."

"பீம் கோணலா இருக்கும்."

"பீமும் நீங்க போட்டதுதான மேஸ்திரி?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. "தண்ணி பொய் சொல்லுமா? நோட்ட மூடிக்கினு வூட்டுக்குப் போ. நாளைக்கு வராத."

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. எனக்குத்தான் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. அவர் கத்தவில்லை, நான் எடுக்கவில்லை. இதற்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கூட எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு மணல் சலிக்கப் போயிருக்கலாம். என் பேரும் பழுதில்லாமல் இருந்திருக்கும்.

"மேஸ்திரி, வெரல எடுன்னு நீ சொல்லல. நானும் எடுக்கல," என்றேன்.

மேஸ்திரியே குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடி பிடித்தோம். தண்ணீர் சரியாக இரண்டு அங்குலம் கீழே நின்றது. பழைய கோட்டை ஈரச் சாக்கால் தேய்த்து அழித்தார். அன்றைய பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

விரலை ஏன் எடுக்க வேண்டும் என்று டீ வேளையில் அவளிடம் கேட்டேன். "காத்து தண்ணிய மேலருந்து அமுக்கும் பெரிம்மா. ரெண்டு வாயும் தொறந்திருந்தாத்தான் ரெண்டு பக்கமும் சமமா அமுக்கும்," என்றாள். குழாயைத் தூக்கிப் பிடித்து முனையில் விரலை வைத்தேன், தண்ணீர் நின்றது. எடுத்தேன், இறங்கியது. வைத்தேன், எடுத்தேன். டீ ஆறிப்போனது தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு இத்தனை கனமா! அதன் பிறகு விடுவேனா? செங்கல்லை ஏன் நனைக்கிறோம், கட்டிய சுவருக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று அவளைத் துளைத்தெடுத்தேன்.

பத்தாம் நாள் மேஸ்திரி, "டீ வாங்கினு வா யக்கா," என்று என்னை அனுப்பினார். தூக்குப் பாத்திரத்தை மறந்து பாதியில் திரும்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ரூப் காங்கிரீட் போடும்போது கம்பிய அடியில வெக்கறோம். வெளியே நீட்டிக்கினு இருக்கற சன்ஷேடுக்கு மட்டும் மேல வெக்கறோம். அது ஏன்?"

"அது எங்களுக்கு இன்னும் நடத்தல மேஸ்திரி."

"சரி, கேட்டுக்கினு வா. அப்பாவையும் கூட்டினு வா, நான் பேசறேன்."

நான் சத்தம் போடாமல், பாத்திரத்தை எடுக்காமலே, டீக்கடைக்கு நடந்தேன்.