மடக்கிய குடை

புதுக் குடையை விரிக்கும்போது ஒரு மணம் வருமே, துணிச் சாயமும் கம்பிக்குப் போட்ட எண்ணெயும் கலந்தமாதிரி, அது எனக்குச் சோறு போட்ட மணம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் குந்தி, கம்பி முறிந்த குடைகளைச் சரிசெய்யத் தொடங்கினேன். இன்று கண்டியில் இரண்டு கடை. இந்த ஊரில் மழை பெய்தால் பாதிப் பேர் என் குடைக்குக் கீழேதான் நடக்கிறார்கள். பெருமைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் கடைக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் புத்தகம். "நீ தபால்காரன் மகதானே?" என்றார், தமிழில். புசல்லாவையில் எங்கள் தோட்டத்துத் துரையின் மகள். சின்ன மிஸ்ஸி என்போம். தோட்டத்தில் விசாரித்துக்கொண்டு வந்தாராம். ஆயாவிடம் பழகிய தமிழ், வேலைக்காரரோடு மட்டும் பேசிய தமிழ். அதில் 'நீங்க' கிடையாது. நான் மட்டும் விடுவேனா? "நீ சுகமா இருக்கியா?" என்றேன். சிரித்துவிட்டார். எண்பதைத் தாண்டியும் அதே சிரிப்பு.

புத்தகம் அவர் எழுதியதுதான். வெள்ளைக்காரன் ஆட்சி முடியப்போகிற காலத்தில் பங்களாவில் வளர்ந்த கதை. அதில் என் அப்பாவும் இருக்கிறார் என்று ஒரு பக்கத்தைக் காட்டினார். இங்கிலீஷ் டீச்சரான என் மருமகள் வாசித்துச் சொன்னாள். தபால்காரருக்கு மழை என்றால் உயிராம். பங்களாவை நெருங்கியதும் குடையை மடக்கிவிட்டு, முகத்தை நிமிர்த்தி நனைந்துகொண்டே வருவாராம். அவ்வளவு சந்தோஷமான மனிதரை மிஸ்ஸி பார்த்ததே இல்லையாம்.

எனக்கு இறைச்சி வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், தோட்டத்துச் சம்பளத்துக்குத் தபால் சுமந்த அப்பாவின் பை அப்படித்தான் மணக்கும். கடிதம், பேப்பர், பாண் ரொட்டி, துரைக்கு மாட்டிறைச்சி, எல்லாம் புசல்லாவைக் கடைத்தெருவிலிருந்து அந்த ஒரே தோல் பையில்தான் மலையேறும். பை நனையக் கூடாதென்று அப்பா ஒரு கறுப்புக் குடை வைத்திருந்தார். பிரம்புப் பிடி. லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்களுக்கெல்லாம் மழைக்குத் தலையில் கம்பளிதான். அந்தக் குடைக்குள் அப்பாவோடு நடந்தால் நானே துரைசாணி.

ஒரு நாள் நல்ல மழை. பங்களாவுக்குக் கீழே இருந்த சவுக்கு மரத்தடிக்கு வந்ததும் அப்பா குடையை மடக்கினார். தலைப்பாகையை அவிழ்த்துப் பையைச் சுற்றினார். ஏன் மடக்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"தொர கண்ணு முன்னாடி குட புடிச்சா வேல போயிரும்டி. வாய மூடிக்கிட்டு வா."

துரை நிற்கிறாரா என்று முகத்தை நிமிர்த்தி வராந்தாவைப் பார்த்தார். மிஸ்ஸி மட்டும் நின்று கைதட்டிச் சிரித்தது. துரைதான் இல்லையே, விரியுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா விரிக்கவில்லை. பிற்பாடு நெஞ்சுச் சளியிலேதான் போய்ச் சேர்ந்தார்.

மிஸ்ஸிக்கு என்னைப் படம் பிடிக்க வேண்டுமாம். புத்தகத்தை மறுபடி அச்சடிக்கும்போது அந்தப் பக்கத்துக்கு எதிரே போட. மழையை விரும்பிய அப்பா, குடை விற்கும் மகள், எவ்வளவு அழகு என்றார்.

"மொதல்ல அந்தப் பக்கத்த திருத்து" என்றேன். அப்பா ஏன் மடக்கினார் என்பதையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "எங்கப்பா நல்லவர்."

"நல்லவராவே இருக்கட்டும். எங்கப்பா நனைஞ்சாரு."

மருமகள் என் கையைக் கிள்ளினாள். நான் அசையவில்லை. கடைசியில் மிஸ்ஸி பேனாவை எடுத்து அந்த வரிகளை அடித்தார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். மூன்றாம் வகுப்புக்காரி நான் சொல்லச் சொல்ல எழுதினார்: அவருக்கு மழை பிடிக்காது, பங்களாவில் இருந்த எங்களுக்காக மடக்கினார். அச்சில் வந்த பிறகு வா, படம் பிடிக்கலாம் என்று சொல்லி, ஒரு குடையை விரித்துக் கையில் கொடுத்தனுப்பினேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து புசல்லாவைக்கு பஸ் ஏறினேன். தோட்டத்தில் மழை. சவுக்கு மரத்தை வெட்டிவிட்டார்கள். பங்களா பூட்டிக் கிடந்தது. துரையும் இல்லை, தபால் பையும் இல்லை. விரித்த குடையோடு படியேறினேன். வராந்தாவில் கூரைக்குக் கீழேயும் மடக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.